உருகுவேயில் ஓய்வுக்காலம்: குடியேற நினைப்பவர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

தென் அமெரிக்காவில் சூரினாமுக்கு அடுத்தபடியாகச் சிறிய நாடு உருகுவே. ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 35 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தலைநகர் மொண்டேவிடியோவிலேயே இருக்கிறார்கள். ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 1985-இல் ராணுவ ஆட்சி முடிந்த பிறகு ஆட்சிகள் தேர்தல் வழியாகவே மாறி வந்திருக்கின்றன. வீடோ நிலமோ வாங்குவதில் உள்நாட்டவருக்கு உள்ள உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு. வங்கியில் டாலரில் கணக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை.

ஓய்வூதியத்தை நீட்டிப் பிடித்து மலிவாக வாழலாம் என்ற எண்ணத்தில் போகிறவர்களுக்கு இந்த நாடு ஏற்றதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்காவில் விலைவாசி மிகுந்த நாடுகளில் உருகுவேயும் ஒன்று. செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பராகுவேயையோ எக்வடோரையோ பார்ப்பது நல்லது. ஆங்கிலம் போதும் என்பவர்களுக்குக் கயானா இருக்கிறது. ஒழுங்காக நடக்கும் அலுவலகங்கள், குழாயிலிருந்து நேரே குடிக்கும் தண்ணீர், அவசரமில்லாத வாழ்க்கை ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடத் தயாராக இருப்பவர்களுக்கே இந்த வழிகாட்டி. பெரும்பாலோர் முதலில் வீடு, பிறகு ஆவணம், கடைசியில் மருத்துவம் என்ற வரிசையில் யோசிக்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒரு குளிர்காலம்

சுற்றுலாப் பயணிகள் உருகுவேயை ஜனவரியில் பார்க்கிறார்கள். கடற்கரை நிரம்பி வழியும், இரவு ஒன்பது மணிக்கு அருகிலும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும், எல்லோர் முகத்திலும் விடுமுறைக் களை தெரியும். அந்த நினைவை வைத்துக்கொண்டு குடியேறுவது, பொங்கல் நாளில் பெண் பார்த்துவிட்டு ஆடி மாதத்தில் குடித்தனம் தொடங்குவது போன்றது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். பனி பெய்யாது, ஜூலையில் மொண்டேவிடியோவின் பகல் வெப்பநிலை 14, 15 டிகிரியாகவும் இரவு 7 டிகிரியாகவும் இருக்கும். எண்ணளவில் இது ஊட்டியைவிட மோசமில்லை. ஆனால் கடலோர ஈரமும், தென்மேற்கிலிருந்து வீசும் பம்பெரோ என்னும் காற்றும், வெப்பத்தைத் தேக்கி வைக்காத சுவர்களைக் கொண்ட வீடுகளும் சேர்ந்து அந்தக் குளிரை எலும்புக்குள் இறக்கிவிடும். அலமாரியில் துணி பூஞ்சை பிடிக்கும். மூட்டுவலி உள்ளவர்களுக்குச் சோதனைக்காலம்.

ஆகவே முதல் படி, ஜூலையை உள்ளடக்கி ஆறு வாரமாவது வாடகை வீட்டில் தங்கிப் பார்ப்பது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும். அதற்கு உருகுவேயின் தூதரகம் புதுதில்லியில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், மொண்டேவிடியோவுக்கான இந்தியத் தூதரகப் பணிகளைக் கவனிப்பது ரியோ தே லா பிளாத்தா என்னும் அகன்ற ஆற்றுக்கு அக்கரையில், அர்ஜென்டினாவில் உள்ள புவெனஸ் அயர்ஸ் தூதரகம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழுக்கும் அதைத்தான் அணுக வேண்டும்.

பயணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரேசிலிலோ அர்ஜென்டினாவிலோ தங்கிவிட்டு இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். அந்த ஊசி 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடுதல் ஆபத்துடையது என்பதால், சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் குடும்ப மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். உருகுவேயிலேயே மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லை. எனவே பயணச்சீட்டை எந்த வழியாக எடுக்கிறோம் என்பதே இங்கே முக்கியம்.

மருத்துவக் காப்பு: முடிவைத் தீர்மானிக்கும் படி

உருகுவேயின் மருத்துவ அமைப்பில் மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது முத்துவாலிஸ்தா எனப்படும் உறுப்பினர் மருத்துவச் சங்கங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்கிய சங்கங்களே இவற்றின் வேர். ஸ்பானியர்கள் 1853-இல் தொடங்கிய அசோசியாசியோன் எஸ்பான்யோலா இன்றும் இயங்குகிறது. மாதச் சந்தா செலுத்தினால் அவர்களுடைய மருத்துவர்கள், ஆய்வகம், மருத்துவமனை எல்லாம் உறுப்பினருக்குக் கிடைக்கும். மருத்துவரைப் பார்க்கும்போதும் மருந்து வாங்கும்போதும் டிக்கெட் என்ற சிறு கட்டணம் உண்டு. இரண்டாவது, ஆசே எனப்படும் அரசு மருத்துவச் சேவை. மூன்றாவது, தனியார் காப்பீட்டு முறையில் இயங்கும் மருத்துவமனைகள்; இவை வசதியானவை, விலை உயர்ந்தவை, புது உறுப்பினர்களின் வயதில் கண்டிப்பானவை.

2008 முதல் நடைமுறையில் உள்ள தேசிய ஒருங்கிணைந்த சுகாதார அமைப்பில், வேலை செய்கிறவர்களும் உள்நாட்டு ஓய்வூதியர்களும் ஃபோனாசா என்ற நிதிக்குச் செலுத்தும் பங்கின் மூலம் முத்துவாலிஸ்தாவில் சேர்ந்துகொள்கிறார்கள். வெளிநாட்டு ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அந்த வழி இல்லை. அவர் தனிநபராகவே விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர் விண்ணப்பத்தில் சங்கம் முதலில் உடற்பரிசோதனை செய்யும், ஏற்கனவே உள்ள நோய்களைக் கேட்கும், வயதையும் பார்க்கும். அறுபதுகளின் நடுப்பகுதியைக் கடந்தவருக்கும், இதய நோயோ புற்றுநோயோ வந்துபோனவருக்கும் கதவு மூடியிருக்கக்கூடும்; அல்லது குறிப்பிட்ட நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கப்படும். சோதனைப் பயணத்தின்போதே இரண்டு மூன்று முத்துவாலிஸ்தாக்களின் அலுவலகங்களுக்கு நேரில் சென்று, உங்கள் வயதையும் நோய்களையும் மறைக்காமல் சொல்லி, சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுவிடுங்கள். சேர்க்க மறுத்தால் ஆசே இருக்கிறது. அதன் மருத்துவத் தரத்தை இழிவாகச் சொல்ல முடியாது. ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இதய அறுவை, டயாலிசிஸ், இடுப்பு மற்றும் முழங்கால் மாற்று அறுவை போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளை 1980-இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய வள நிதி என்ற தனி நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. எந்த வாயிலில் சேர்ந்தாலும் அந்தக் குடை பொதுவானது. அதோடு, எமெர்ஹென்சியா மோவில் என்ற நடமாடும் அவசர மருத்துவச் சேவைக்குத் தனியாக மாதச் சந்தா கட்டுவது உருகுவே மக்களின் வழக்கம். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடத்தால் ஆம்புலன்சில் மருத்துவரே வீட்டுக்கு வந்து பார்ப்பார். தனியாக வாழும் முதியவருக்கு மற்ற எல்லாச் சந்தாக்களையும்விட இது முக்கியமானது. தினசரி மருந்து உட்கொள்கிறவர்கள் வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கான இருப்போடு புறப்பட வேண்டும். இந்தியாவில் மருந்து விற்கும் விலையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய ஆவணங்கள்

குடியுரிமம், அதாவது குடிமகனாகாமலே அங்கு வாழும் அனுமதி, கேட்பவர் கொண்டுபோக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், மணமானவர்கள் துணையோடு விண்ணப்பித்தால் திருமணச் சான்றிதழ், கடந்த ஐந்து ஆண்டுகளில் வாழ்ந்த நாடுகளின் காவல்துறை நற்சான்று, வருமானச் சான்று. கேட்பதற்குச் சிறிய பட்டியல்தான். ஆனால் 1950களிலும் 60களிலும் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு முதல் இரண்டுமே பெரும்பாடு. பிறப்பு பதிவாகாமல் இருந்தால் முதலில் பதிவு இல்லை என்ற சான்றைப் பெற்று, பிறகு தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானது 2009-இல்தான்; அதற்கு முன் மண்டபத்தில் தாலி கட்டியவர்கள் பலரிடம் பத்திரிகையும் புகைப்பட ஆல்பமும் தவிர வேறு ஆதாரம் இருக்காது. இப்போதாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்று பெற வேண்டும். இவற்றுக்கே பல மாதங்கள் போகலாம் என்பதால், விமானச்சீட்டுக்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை இது.

அடுத்தது பெயர்ச் சிக்கல். உருகுவேயில் ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. அலுவலகப் படிவங்களும் அதற்கேற்பவே அமைந்திருக்கும். நமக்கோ தலைப்பெழுத்தும் ஒரே பெயரும்தான். ஓர் ஆவணத்தில் கே. முருகேசன், இன்னொன்றில் முருகேசன் கந்தசாமி, கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி என்று இருந்தால் அவர் மூன்று மனிதராகவே அங்கே தெரிவார். கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து, குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பி, மற்ற எல்லா ஆவணங்களையும் அதே எழுத்துக்கூட்டலில் ஒத்துப்போகச் செய்துவிட்டுப் புறப்படுவது, பின்னால் வரும் ஓராண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் அப்போஸ்தில் முத்திரை வேண்டும்; ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்பதற்கான சான்றுறுதி அது. அப்போஸ்தில் உடன்படிக்கை உருகுவேயில் 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2005-லிருந்தே உறுப்பினர். கனடாவில் 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், டொராண்டோவில் இருந்து போகிறவர்கள் பழைய தூதரகச் சான்று முறையைச் சொல்லும் குறிப்புகளை ஒதுக்கிவிடலாம். முத்திரை வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். ஏனெனில் முத்திரைத் தாளும் ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை உருகுவேயில் பதிவு பெற்ற பொது மொழிபெயர்ப்பாளரே செய்ய வேண்டும் என்பதால், ஊரில் ஸ்பானியம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றுகளுக்கு ஆங்கிலப் பிரதியும் கையில் இருக்கட்டும். காவல்துறை நற்சான்றின் காலாவதி குறுகியது. ஆகவே அதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வாங்க வேண்டும்.

விண்ணப்பமும் செதுலாவும்

உருகுவேயின் தனிச்சிறப்பு, நாட்டுக்குள் வந்திறங்கிய பிறகு அங்கிருந்தபடியே நிரந்தரக் குடியுரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான். உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள தேசியக் குடிவரவு இயக்ககம் இதைக் கையாளுகிறது. 2008-ஆம் ஆண்டின் 18,250 எண் சட்டம் அடிப்படை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆவணங்களோடு, உள்ளூரில் பெற்ற தடுப்பூசிச் சான்றும், எஸ்கிரிபானோ ஒருவர் உறுதிசெய்த வருமானச் சான்றும் சேர்க்கப்படும். எஸ்கிரிபானோ என்பவரை நம்மூர் நோட்டரியோடு ஒப்பிடக்கூடாது. சட்டம் படித்து, சொத்துப் பத்திரம், உயில், சான்றுறுதி ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கும் தனித் தொழிலர் அவர். நல்ல எஸ்கிரிபானோ ஒருவர் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வருமானம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் ஒரு தொகையைக் குறிப்பிடவில்லை. வாழப் போதுமான, தொடர்ந்து வரும் வருமானம் என்பதே அளவுகோல். ஒருவருக்கு மாதம் 1,500 டாலர் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குக் காரணம், 1992-ஆம் ஆண்டின் 16,340 எண் சட்டம். வெளிநாட்டு ஓய்வூதியர்களுக்கென இயற்றப்பட்ட அந்தச் சட்டம் 1,500 டாலர் மாத வருமானத்தோடு 1,00,000 டாலர் மதிப்புள்ள சொத்தையோ அரசுப் பத்திரத்தையோ கேட்கிறது. பதிலுக்கு வீட்டுச் சாமான்களை வரியில்லாமல் கொண்டுவருவது போன்ற சலுகைகளைத் தருகிறது. பெரும்பாலோருக்கு அந்தச் சலுகைகளுக்காகப் பணத்தைக் கட்டிப்போட வேண்டிய தேவை இல்லை. பொது வழியே போதுமானது.

விண்ணப்பம் பதிவானதும், முடிவு வருவதற்கு முன்பே, செதுலா என்ற அடையாள அட்டையைப் பெறலாம். மருத்துவச் சங்கம், வங்கி, தொலைபேசி, கடைத் தள்ளுபடி என எல்லாமே அந்த எண்ணில்தான் ஓடும். முடிவு வருவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகும்; இடையில் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தால், விசா தேவைப்படும் நாட்டினர் மறுநுழைவு அனுமதி பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும். டிசம்பர் 25 முதல் ஜனவரி 31 வரை நீதிமன்றங்களுக்கே விடுமுறை. மற்ற அலுவலகங்களும் அந்த நாட்களில் அரைத்தூக்கத்தில் இருக்கும். ஈஸ்டர் வாரத்தை அங்கே சுற்றுலா வாரம் என்கிறார்கள். அப்போதும் எதுவும் நகராது. மார்ச் தொடக்கத்தில் போய் இறங்குவதே விண்ணப்பத்துக்கு உகந்த காலம்.

குடும்பத்தோடு மூன்று ஆண்டுகளும், தனியாக வாழ்பவர் ஐந்து ஆண்டுகளும் உண்மையிலேயே அங்கு வாழ்ந்தால், தேர்தல் நீதிமன்றத்தில் குடிமகனாக விண்ணப்பிக்கலாம். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அந்தப் படியை எடுப்பதா வேண்டாமா என்பதைத் தனியே யோசிக்க வேண்டும். நிரந்தரக் குடியுரிமத்தோடு காலம் முழுவதும் வாழ எந்தத் தடையும் இல்லை.

பணமும் வரியும்

அன்றாடச் செலவு பெசோவில். வீடு, கார் விலை டாலரில். சமீப ஆண்டுகளில் ஒரு டாலருக்குச் சுமார் 40 பெசோ. அரசு வங்கியான பாங்கோ ரெப்புப்ளிகாவிலோ தனியார் வங்கிகளிலோ இரண்டு நாணயத்திலும் கணக்குத் தொடங்கலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக் கட்டணங்களை அபிதாப், ரெட்பாகோஸ் என்ற தெருமுனைக் கட்டணக் கடைகளில் ரொக்கமாகவே செலுத்தலாம். இணையத்தோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு அவை பெரும் உதவி.

வெளிநாட்டிலிருந்து வரும் ஓய்வூதியத்துக்கு உருகுவே வரி விதிப்பதில்லை. ஓய்வூதியத்தின் மீதான ஐயாஸ் வரி உள்நாட்டு ஓய்வூதியத்துக்கே உரியது. வெளிநாட்டு வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் 12 சதவீத வரி உண்டு. ஆண்டில் 183 நாளுக்கு மேல் தங்கி வரிவாசி (வரிக் கணக்கில் அந்நாட்டில் வசிப்பவர்) ஆகும் புதியவர்களுக்குப் பல ஆண்டு விலக்கு கிடைத்து வந்தது. ஆனால் 2026 முதல் அந்த விதிகள் மாற்றி எழுதப்பட்டுள்ளன. ஆகையால் பழைய கட்டுரைகளை நம்பி முதலீடுகளை நகர்த்தாமல், கொந்தாதோர் எனப்படும் கணக்காளரிடம் ஒருமுறை கட்டணம் கொடுத்து ஆலோசனை பெறுவதே அறிவுடைமை. கடைகளில் வாங்கும் பொருள்களுக்கு 22 சதவீத மதிப்புக்கூட்டு வரி. மருந்து போன்ற சிலவற்றுக்கு 10 சதவீதம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள், குடியேறியதும் தங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்; ஓய்வூதியம் அதில் வந்து சேரும், அங்கிருந்து அனுப்பலாம். அதுவரை, இந்தியாவில் வசிப்பவராக நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இந்தியாவும் உருகுவேயும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளன.

ஊரும் வாடகையும்

மொண்டேவிடியோவில் புதியவர்கள் பெரும்பாலும் போசிட்டோஸ், புந்தா கார்ரெட்டாஸ் பகுதிகளில் தங்குகிறார்கள்; மருத்துவமனை, கடை, பேருந்து எல்லாம் நடை தூரத்தில் இருக்கும், ஆற்றங்கரை நெடுகச் செல்லும் ராம்ப்ளா சாலையில் மாலை நடை போகலாம். மால்வின் கொஞ்சம் அமைதியானது. கொலோனியா தெல் சாக்ரமெந்தோ 1680-இல் போர்த்துகீசியர் அமைத்த அழகிய சிற்றூர். அங்கிருந்து புவெனஸ் அயர்சுக்குப் படகில் ஒன்றேகால் மணி நேரம். புந்தா தெல் எஸ்தேவில் கோடையில் பணக்கார நெரிசல், குளிர்காலத்தில் ஆளரவம் இல்லாத மாடிக் கட்டடங்கள். ரோச்சா கடற்கரையின் சிற்றூர்கள் மனத்தைக் கவர்ந்தாலும், இதய மருத்துவர் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் அவற்றை விரும்ப வேண்டும்.

வாடகைக்கு வீடு பிடிப்பதில் முட்டுக்கட்டை, கரந்தியா என்னும் உத்தரவாதம். உள்ளூர்ச் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்குச் சங்கங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் உத்தரவாதம் தரும். புதிதாக வந்த ஓய்வூதியருக்கு அது எளிதில் கிடைக்காது. அப்போது ஐந்து மாத வாடகை வரை வைப்புத்தொகையாக அரசின் அடமான வங்கியில் செலுத்துவதே வழி. அந்தப் பணம் வீட்டுக்காரர் கையில் இல்லாமல் வங்கியில் இருப்பதால், காலி செய்யும்போது அதற்காக அவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கடலோர ஊர்களில் விளம்பரத்தில் 'இன்வெர்னால்' என்ற சொல் இருந்தால், மார்ச் முதல் நவம்பர் வரைதான் வீடு உங்களுக்கு. கோடையில் பல மடங்கு வாடகைக்கு வேறொருவர் வருவார். ஆண்டு முழுவதற்குமான வீடா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையோடு காஸ்தோஸ் கொமுனெஸ் என்ற கட்டடப் பராமரிப்புத் தொகையும் மாதந்தோறும் உண்டு. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் பழைய கட்டடங்களில், குளிர்கால மாதங்களில் இந்தத் தொகை திடுக்கிட வைக்கும். வீடு பார்க்கும்போது கடந்த ஜூலை மாத ரசீதைக் கேளுங்கள். வடக்கு நோக்கிய சன்னல்கள் உள்ள வீட்டையே தேர்ந்தெடுங்கள். தென் கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் வரும்; தெற்குப் பார்த்த வீட்டின் மலிவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கும்.

சொந்த வீடு வாங்குவதை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுவது நல்லது. வாங்கும்போது எஸ்கிரிபானோ முப்பதாண்டு மூலப்பத்திரங்களைப் பார்ப்பார். அனுமதியில்லாமல் கட்டிய அறைகளுக்காகச் சமூகப் பாதுகாப்பு வங்கிக்குச் சேர வேண்டிய பாக்கி ஏதும் உண்டா என்றும் தேடுவார், ஏனெனில் அந்தப் பாக்கி வீட்டோடு சேர்ந்தே வாங்குபவர் தலையில் விழும். எஸ்கிரிபானோவுக்கு 3 சதவீதம், தரகருக்கு 3 சதவீதம், இரண்டின் மேலும் வரி, பிறகு பதிவு மதிப்பில் 2 சதவீதப் பரிமாற்ற வரி என்று விலைக்கு மேல் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சும் சாப்பாடும்

ஸ்பானியம் இல்லாமல் மருத்துவரிடம் வலியைச் சொல்ல முடியாது. புறப்படுவதற்கு ஓராண்டு முன்பே படிக்கத் தொடங்க வேண்டும். அதுவும் ஆற்றங்கரை உச்சரிப்பில். பாடநூலில் 'காயே' என்று படித்த தெரு, மொண்டேவிடியோவில் 'காஷே' ஆகிவிடும், கடற்கரை 'பிளாஷா'. எதிரில் இருப்பவர் மூச்சுக்கு ஒருமுறை 'தா' என்பார். அவர் உங்களிடம் எதையும் கேட்கவில்லை, 'சரி' என்கிறார். 2002-இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் அங்கே மையம் திறந்ததிலிருந்து இந்திய முகங்கள் நகரத்துக்குப் புதிதல்ல என்றாலும், ஆங்கிலத்தில் உரையாடலாம் என்று அதனால் எண்ணிவிடக் கூடாது.

மாட்டிறைச்சியை மையமாகக் கொண்ட நாட்டில் மரக்கறி உண்பவர் வீட்டுச் சமையலையே நம்ப வேண்டும். வாரம் ஒருநாள் தெருவில் கூடும் ஃபெரியா சந்தையில் காய்கறி, பழம் நன்றாகக் கிடைக்கும். உருகுவே நெல் விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு என்பதால் அரிசிக்கும் குறைவில்லை. பருப்பு வகைகளில் மைசூர்ப் பருப்பின் உறவினரும் கொண்டைக்கடலையும் உண்டு. துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் கனவில்தான். விதை, இலை, செடி எதையும் பெட்டியில் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் பறிபோகும். வெளியே பசித்தால் பிட்சா கடையில் ஃபைனா என்று கேளுங்கள்: இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த, கடலை மாவில் சுட்ட அடை. மேலே மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டால் நாக்கு ஓரளவு சமாதானமாகும். மின்சாரம் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கோயம்புத்தூர் மிக்சியும் கிரைண்டரும் பிளக் மாற்றினால் அப்படியே ஓடும். கனடாவில் வாங்கியவை ஓடாது.

பாதுகாப்பைப் பற்றி மிகைப்படுத்திப் புகழ்கிறவர்களை நம்ப வேண்டாம். கொலை விகிதம் லட்சம் பேருக்குப் பத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி போதைப்பொருள் கும்பல்களின் மோதல், தலைநகரின் புறப் பகுதிகளில் நடப்பது. முதியவருக்கு வரக்கூடியது கைப்பேசிப் பறிப்பும் பூட்டிய வீட்டில் திருட்டும்தான். கீழ்த்தள வீட்டைத் தவிர்த்து, வாயிற்காவலர் உள்ள கட்டடத்தில் இருப்பது போதும். குழாய் நீரும் எப்போதும் சொன்னபடி இருந்ததில்லை: 2023-இல் கடும் வறட்சியில் பாசோ செவெரினோ அணை வற்றியபோது, தலைநகரின் குழாய்களில் சில மாதங்கள் உப்புநீர் வந்தது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அப்போது புட்டி நீரையே வாங்கினார்கள்.

உயிலும் இறுதி ஏற்பாடும்

உருகுவேயில் உள்ள சொத்துக்கு உருகுவேயின் வாரிசுச் சட்டமே பொருந்தும். அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு கட்டாயமானது: ஒரு பிள்ளைக்குப் பாதி, இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று. முழு வீட்டையும் மனைவி பெயருக்கு எழுதிவைத்தேன் என்று சென்னையில் எழுதிய உயில் அங்கே அப்படியே செல்லாது. வீடு வாங்கும் அன்றே அதே எஸ்கிரிபானோவிடம் அங்குள்ள சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதி, ஊரில் உள்ள உயிலோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகனம் செய்ய மொண்டேவிடியோவின் வடக்கு மயானத்தில் தகனக் கூடம் இருக்கிறது. தகனத்துக்கான விருப்பத்தை எழுத்தில் வைத்து, செதுலாவின் நகல், முத்துவாலிஸ்தா உறுப்பினர் எண், எஸ்கிரிபானோவின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு ஓர் உறையில் இட்டு, ஸ்பானியம் பேசும் அண்டைவீட்டார் ஒருவரிடமும் ஊரில் உள்ள பிள்ளைகளிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவையுங்கள். இந்திய நேரம் எட்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை ஆறு மணிக்கு நீங்கள் அழைத்தால் இங்கே விடியற்காலை இரண்டரை. பிள்ளைகளோடு பேச உகந்த நேரம் அங்கே காலை எட்டு மணி.